பேர் சொல்லாதது

ஆச்சியின் உரைகல் இப்போது என்னிடம் இருக்கிறது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய சாம்பல் நிறக் கல். நடுவில் ஒரு குழி. யாரும் உளி வைத்துச் செதுக்கியதில்லை. ஆச்சியின் மாமியார் காலம் தொட்டு, வீட்டில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் சுக்கும் கடுக்காயும் மாசிக்காயும் இழைத்து இழைத்துத் தானாக விழுந்த குழி. விரலால் தடவினால் அடிப்பக்கம் வழவழவென்று வழுக்கும். ஓரம் மட்டும் சொரசொரக்கும். எனக்கு இழைத்ததிலும் அந்தக் குழி ஒரு மயிரிழை ஆழமாகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுகிற நாளில்தான் உரைமருந்து. காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் கிடத்திக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, பழைய வேட்டித் துணியில் சுற்றி யார் மடியிலாவது கொடுத்துவிடுவாள் ஆச்சி. பிறகு கல்லைக் கழுவி, பெற்றவளிடம் நாலு சொட்டுப் பால் பீய்ச்சச் சொல்வாள். சுக்கு இரண்டு சுற்று. கடுக்காய் இரண்டு சுற்று. மாசிக்காய் ஒன்று. ஜாதிக்காய்க்கு வரும்போது கை நின்று நிதானிக்கும். அரைச் சுற்றுதான். "கூடிச்சின்னா பிள்ள மயங்கிக் கெடக்கும்" என்பாள். கடைசியாக, விளக்குச் சுடரில் காட்டிக் கருக்கிய ஒரு துண்டை எடுத்து ஒரு இழைப்பு.

அந்தத் துண்டின் பெயரை மட்டும் அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. "ஏளா, அந்தப் பேர் சொல்லாதத எடு" என்பாள். நாட்டு மருந்துக் கடையிலும் அப்படியேதான். "பேர் சொல்லாதது நாலணாவுக்குக் குடுங்க" என்று கேட்டால், கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் டப்பாவைத் திறந்து, பழைய தாளில் மடித்துக் கொடுப்பார். வசம்புதான் அது. பிள்ளை வளர்ப்பான் என்றும் அதற்குப் பெயர் உண்டு. பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில், அதுவும் விளக்கு வைத்த பிறகு, அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னால் மருந்தின் வீரியம் போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை.

ஒரே ஒரு மருந்தின் பெயரை மறைத்து வைத்தவள், மற்ற அத்தனை செடிக்கும் எனக்குப் பெயர் சொல்லித் தந்தாள். அந்தப் பெயர்களுக்காகவும், அவற்றைச் சொன்ன வாய்க்காகவும்தான் இந்த அறுபது வயதுக்கு மேலும் மனம் அடித்துக்கொள்கிறது.

*

எங்கள் ஊர் வீரவநல்லூருக்குப் பக்கம். தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் கன்னடியன் கால்வாய்த் தண்ணீர்தான் வயலுக்கு. மேற்கே பொதிகை மலை. ஆடியில் சாரல் அடித்தால் மலை மறைந்து மேகம் மட்டும் நிற்கும். அந்தக் குளிர்காற்றுக்கே தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்துவிடும்.

வீட்டுக்குப் பின்னால் புறவாசல். ஒரு கிணறு, துவைக்கிற கல், மாட்டுத்தொழு, ஒரு முருங்கை, ஒரு வேம்பு, ஒரு நாரத்தை. மூன்று பக்கமும் கிளுவையும் நொச்சியும் ஆடாதொடையும் ஊன்றிய உயிர்வேலி. அதன்மேல் தூதுவளை, முடக்கறுத்தான், கோவை, பிரண்டை என்று கொடிகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கிடக்கும். வேலிக்கடியில் குப்பைமேனியும் கீழாநெல்லியும் யாரும் விதைக்காமலே முளைத்திருக்கும். சுக்கு, மிளகு, திப்பிலி என்று நாலைந்து சாமான்தான் கடையில் காசு கொடுத்து வாங்குவது. மற்றதெல்லாம் வேலியில்.

எனக்கு ஐந்து வயது இருக்கும்போது ஆச்சி என் கையைப் பிடித்து அந்த வேலியைச் சுற்றிக் காட்டினாள். முதலில் காட்டியது மருந்துச் செடி எதுவும் இல்லை. அரளியைக் காட்டினாள். ஊமத்தையின் முள்ளுருண்டைக் காயைக் காட்டினாள். எருக்கம்பால் கண்ணில் தெறித்தால் என்ன ஆகும் என்று சொன்னாள். மழைக்குப் பிறகு வேலியேறி, தீக்கொழுந்து மாதிரி பூத்து நின்ற கண்வலிக்கிழங்குக் கொடியிடம் வந்ததும், "இது கண்ணுக்கு அழகா இருக்கும். தொடப்பிடாது. கெழங்கு உசிர எடுத்திரும்" என்றாள். கொல்லுகிறவை நாலையும் நான் தப்பில்லாமல் திரும்பச் சொன்ன பிறகுதான், அடுத்த நாள் துளசிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்தக் கண்வலிக்கிழங்குதான் செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர் என்று பிற்பாடு பள்ளிக்கூடத்தில் படித்தேன். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்கித் துடிக்கிறவர்களுக்குக் கொடுக்கும் கோல்ச்சிசின் மருந்தை அதன் விதையிலிருந்தும் எடுக்கிறார்கள் என்று அதற்கும் வெகுகாலம் கழித்துத் தெரிந்துகொண்டேன். உயிரை எடுக்கிற கொடியே வலியையும் எடுக்கிறது; நடுவில் இருப்பது அளவு ஒன்றுதான். ஆச்சி ஏன் அந்த வரிசையில் கற்றுக் கொடுத்தாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக விளங்கியது.

*

பெயரே பாதிப் பாடமாக இருந்தது. முடக்கை அறுப்பதால் முடக்கறுத்தான். ஆடு தொடாததால் ஆடாதொடை. அரிவாள் பட்ட காயத்துக்கு வெட்டுக்காயப் பூண்டு. கீழாநெல்லியைப் பிடுங்கி என் கையில் கொடுத்து, "திருப்பிப் பாரு" என்பாள். மேலே பார்த்தால் சாதாரணப் புல்லிலை. திருப்பினால், காம்புக்குக் கீழே கடுகுமணி அளவில் பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும், நெல்லிக்காயைச் சுருக்கிக் கோத்த மாதிரி. கீழே காய்க்கிற நெல்லி. ஒருமுறை திருப்பிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் சாகிறவரை மறக்காது.

குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர். அதையும் அவள் வாயால் விளக்கவில்லை. ஒருநாள் கிணற்றடியில் ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, "சும்மா நில்லு" என்றாள். கொஞ்ச நேரத்தில் தொழுவத்துக் கூரையிலிருந்து எங்கள் வீட்டுச் சாம்பல் பூனை இறங்கி வந்தது. வேரை மோந்தது. கன்னத்தை வைத்துத் தேய்த்தது. பிறகு முன்னங்கால் இரண்டையும் நீட்டி, தலையைத் தரையில் வைத்து, மல்லாந்து புரண்டது. கும்பிட்டு விழுகிற மாதிரியேதான் இருந்தது. அந்த இலையோடு மஞ்சளும் கல்லுப்பும் வைத்து அரைத்து எங்கள் சொறி சிரங்குக்குப் பூசுவாள். எரியும். ஆனாலும் பூனை கும்பிட்ட செடி என்பதால் நாங்கள் அழாமல் நிற்போம்.

தூதுவளை பறிப்பது என் வேலை. "ஏளா, வேலிக்குப் போயி தூதுவள பறிச்சிட்டு வா. முள்ளு குத்தும், பாத்து. உனக்குன்னா உன் கையால ஒரு பிடி." தூதுவளையின் முள் தண்டில் மட்டும் இருக்காது, இலையின் முதுகு நரம்பிலும் வளைந்து நிற்கும். ஊதா நிறப் பூவுக்குப் பக்கத்தில் இளசாகப் பார்த்துக் கிள்ள வேண்டும். ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு இலையாகத் திருப்பி, நகத்தால் முள்ளை வழித்து எடுப்பாள். பத்து இலைக்குக் கால்மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. பிறகு நெய்யில் வதக்கி, மிளகு, சீரகம், பூண்டு தட்டி ரசம். அந்த ரசத்தைக் குழையப் பிசைந்த சோற்றில் விட்டுச் சாப்பிட்டால், மூக்கடைப்பு விலகும்போது முதலில் தெரிவது அடுப்படிப் புகை வாசனை. மணம் தெரிந்துவிட்டது என்று நான் சொன்னால் ஆச்சிக்கு முகம் மலரும்.

*

எங்கள் வீட்டுக் காலண்டர் தேதியால் ஓடவில்லை, இலையால் ஓடியது. சித்திரையில் வேப்பம்பூ உதிரும். வேம்படியில் சேலையை விரித்துப் பிடித்து, காயவைத்து, வருஷத்துக்கும் ரசத்துக்கு வைத்துக்கொள்வோம். கோடையில் வெட்டிவேர் முடிச்சு போட்ட மண்பானைத் தண்ணீர். அம்மை கண்ட வீட்டில் நிலையில் வேப்பிலை. பிள்ளை அரிக்கிறது என்று சிணுங்கினால் வேப்பிலைக் கொத்தால் வருடிக்கொடுப்பார்கள். புரட்டாசி முடிந்து அடைமழை பிடித்துக்கொண்டால் நொச்சி.

நொச்சித்தழையை மண்பானையில் போட்டுக் கொதிக்கவைத்து, திண்ணையில் இறக்கி, பிள்ளைகள் இரண்டு பேரைச் சேர்த்து ஒரே சமுக்காளத்தால் மூடிவிடுவாள். வேது பிடிப்பது என்று அதற்குப் பெயர். உள்ளே இருட்டு, ஆவி, கசந்த மணம். செங்கல் துண்டைச் சுட்டு வைத்திருப்பாள். ஆவி குறையும்போது வெளியிலிருந்து கை மட்டும் வந்து, பானைக்குள் ஒன்றைப் போடும். சுர்ரென்று சத்தம் வரும், புது ஆவி முகத்தில் அடிக்கும். அந்தக் கையை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. வளையல் இறுகிய மணிக்கட்டும், மஞ்சள் ஏறிய விரல்களும். அதே நொச்சியின் காய்ந்த இலை நெல் குதிருக்குள்ளும் கிடக்கும், பூச்சி அண்டாதிருக்க. தாத்தாவின் தலையணைக்குள்ளும் கிடக்கும், தலைபாரத்துக்கு.

தாத்தாவுக்கு முழங்கால் வலி. அவருக்காக வாரம் ஒருநாள் முடக்கறுத்தான் இலை அரைத்துக் கலந்த தோசை. பச்சையாக இருக்கும், லேசாகக் கசக்கும். எங்களுக்கு இலையைவிடக் காய்தான் பெரிது. காற்றடைத்த பை மாதிரி இருக்கும் அந்தக் காயை நெற்றியில் வைத்துப் பட்டென்று உடைப்போம். உள்ளே மூன்று கறுப்பு விதைகள். ஒவ்வொரு விதையிலும் அரசிலை வடிவத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. யார் இட்ட பொட்டு என்று கேட்டால், "படைச்சவன்தான்" என்பாள்.

தீபாவளிக்கு முதல் நாள் லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை, கண்டந்திப்பிலி. இடித்துச் சலித்து, கருப்பட்டிப் பாகில் கொட்டி, நல்லெண்ணெயும் நெய்யும் விட்டுக் கிளறுவாள். உருட்டினால் கையில் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். விடிந்தும் விடியாமலும் எண்ணெய் தேய்த்துக் குளித்தவுடன், பலகாரம் கண்ணில் படுவதற்கு முன்னால், சுண்டைக்காய் அளவு உருண்டையை அவளே நாக்கில் வைப்பாள்.

*

எங்கள் சீமைக்கும் மருந்துக்கும் பழைய உறவு. மேற்கே நிற்கும் பொதிகையைத்தான் அகத்தியர் மலை என்கிறோம். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-இல் தொடங்கியது. எங்களுக்குப் பேதிக்குக் கொடுத்த நிலாவாரை இலைக்கு உலக மருந்து நூல்களில் எங்கள் திருநெல்வேலி ஜில்லாவின் பெயர்தான்: டின்னவேலி சென்னா. செம்மண்ணும் கரிசலும் கலந்த மானாவாரி நிலத்தில் விளைந்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அது கடல் தாண்டிப் போயிருக்கிறது. எங்கேயோ இருக்கிற மருந்துக் கடைகளில் ஒரு இலை எங்கள் ஊர்ப்பெயரைச் சுமந்துகொண்டிருப்பதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது.

வேலியில் ஊன்றிய ஆடாதொடை விஷயமும் அப்படித்தான். அதன் இலையைத் திப்பிலி தட்டிப் போட்டுக் காய்ச்சி, தேன் விட்டு இருமலுக்குக் குடித்தோம். அந்த இலையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை அடியொற்றித்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தை உருவாக்கினார்கள். இருமல் மருந்துப் பாட்டிலின் பொடி எழுத்தில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம், ஆடு மூக்கை நுழைத்துவிட்டுத் திரும்பிப் போகும் எங்கள் வேலி கண்முன்னால் வந்துவிடும்.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போவோம். மலையில் காணிப் பழங்குடி மக்களைப் பார்த்தால் ஆச்சி நின்று பேசாமல் வர மாட்டாள். மலை வேர், மலைத் தேன் என்று பேச்சு நீளும். "அவுகளுக்குத் தெரிஞ்சதுல கால்வாசி எனக்குத் தெரியாது" என்பாள். 1987-இல் மலைக்கு அந்தப் பக்கம், கேரளக் காட்டில், திருவனந்தபுரத்துத் தாவரவியல் ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டிப் போன காணிகள் ஒரு காயைத் தின்றுவிட்டு மலையேறியும் களைக்கவில்லை. அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதை வைத்து ஜீவனி என்ற மருந்து வந்தது. உரிமத் தொகையிலும் அதன் பிறகான பங்கிலும் பாதியைக் காணிகளின் அறக்கட்டளைக்கு என்று ஒதுக்கினார்கள். சொல்லிக் கொடுத்தவர்களுக்கும் பங்கு உண்டு என்று உலகத்துக்குக் காட்டிய முதல் ஏற்பாடுகளில் ஒன்று அது. செய்தியைப் படித்தபோது ஆச்சி உயிரோடு இல்லை. இருந்திருந்தால், "அதான் நாயம்" என்று சொல்லியிருப்பாள்.

*

ஆச்சியின் தம்பி மகன் அந்தப் பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்தார். எனக்கு மாமா முறை. ஒரு விடுமுறையில் நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்து, "அத்தை, ஒவ்வொண்ணா சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்" என்றார். ஆச்சி சொன்னாள். தூதுவளை ஒரு பிடி, மிளகு அஞ்சு, திப்பிலி ஒண்ணு என்று. "ஒரு பிடின்னா எத்தன கிராம் அத்தை?" என்று மாமா கேட்டார்.

ஆச்சி கொஞ்சநேரம் அவரைப் பார்த்தாள். "யாரு கையி?" என்று கேட்டாள்.

மாமாவுக்குப் புரியவில்லை. ஆச்சி என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, என் கையை விரித்து மூடிக் காட்டினாள். "இவளுக்கு மருந்துன்னா இவ கையால ஒரு பிடி. உங்க மாமாவுக்குன்னா அவுக கையால. தின்னுதவன் கையிதான் அவனுக்கு அளவு. நோட்டுல எப்படி எழுதுவ?"

தூதுவளை பறிக்கப் போகும்போதெல்லாம் "உன் கையால ஒரு பிடி" என்று அவள் சொன்னதன் பொருள் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வயசுக்குத் தக்கபடி கை இருக்கும், கைக்குத் தக்கபடி மருந்து இருக்கும். தராசு இல்லாத வீட்டில் நோயாளியின் கையே தராசு. மாமா பேனாவை மூடி வைத்துவிட்டு, என் கையை வாங்கிப் பார்த்தது நினைவிருக்கிறது.

அளவு தெரிந்தவளுக்கு எல்லையும் தெரிந்திருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் ஆச்சியைப் பாதிதான் சொன்னதாகும். எங்கள் வயலில் வேலை பார்த்தவரின் மகனுக்குக் கண் மஞ்சளாகிவிட்டது என்று ஒருநாள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கீழாநெல்லியை வேரோடு அரைத்து, மோரில் கலக்கி, விடிகாலை வெறும் வயிற்றில் கொடுத்தாள். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை. மூன்றாம் நாள் காலையில் பையன் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தான். ஆச்சி அவன் கண்ணை விலக்கிப் பார்த்தாள். கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "இது என் கைக்கு அடங்காது. வண்டியப் பூட்டு" என்றாள். தாத்தா தயங்கினார். "விருந்தும் மருந்தும் மூணு நாளு. அதுக்கு மேல டாக்டர்தான்" என்று குரலை உயர்த்தினாள். அம்பாசமுத்திரத்து ஆஸ்பத்திரிக்கு அவளும் கூடவே வண்டியில் போனாள். மூன்று வாரம் கழித்துப் பையன் நடந்து வந்தான்.

இன்றைக்கு வாட்ஸ்அப்பில் நாளுக்கு நாலு மூலிகைக் குறிப்பு வருகிறது. இந்த இலையைத் தின்றால் அந்த நோய் போய்விடும் என்கிறார்கள். யார் கையால் எத்தனை பிடி என்று எவரும் எழுதுவதில்லை. எந்த நாளில் கிண்ணத்தைக் கீழே வைக்க வேண்டும் என்றும் எழுதுவதில்லை. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சியின் ஞாபகம் வயிற்றைப் பிசைகிறது.

*

1984-இல் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தேன். ரயிலடியில் ஆச்சி ஒரு துணிமூட்டை கொடுத்தாள். காய்ந்த வேப்பம்பூ, நொச்சித்தழை, ஒரு சிரட்டைக் கருப்பட்டி, முடக்கறுத்தான் விதை ஒரு பொட்டலம். விதையை எங்கே போடுவது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மண் இல்லாத வீடு இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டாள். எங்கள் ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு டால்டா டின்னில் போட்டேன். முளைத்தது. கொடி ஏற இடமில்லாமல் ஜன்னல் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி, நாலு காய் காய்த்துக் காய்ந்துபோயிற்று. அந்த நாலு காயை உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆச்சி போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு வீடு கைமாறியது. புதிதாக வாங்கியவர்கள் நல்லவர்கள். போனால் காபி கொடுக்கிறார்கள். வேலி இருந்த இடத்தில் மதில். புறவாசல் முழுக்கச் சிமெண்டுத் தளம், இரண்டு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அவர்கள் வசதிக்குக் கட்டிக்கொண்டார்கள். அதில் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் நின்ற இடத்திலிருந்து என் கண் தூதுவளை இருந்த மூலையைத் தேடிக்கொண்டேதான் இருந்தது.

2012-இல் டெங்கு வந்தபோது அரசு நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது. வரிசையில் நின்று டம்ளரில் வாங்கிக் குடித்தேன். அந்தக் கசப்பு நாக்கில் பட்டதும் ஒன்பது சரக்கும் வரிசையாக வாயில் வந்தது: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, பற்படாகம், பேய்ப்புடல், சந்தனம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு. 2020-இல் ஊரே கபசுரக் குடிநீர் தேடியது. கடை கடையாகப் பொடி வந்தது. எல்லாப் பொட்டலத்திலும் கிராம் கணக்கு, மில்லி கணக்கு. ஒரே பழுப்பு நிறம். எந்த இலையில் முள் இருந்தது, எதைத் திருப்பினால் காய் தெரியும், எதைப் பூனை கும்பிட்டது என்று அந்தப் பொடியைப் பார்த்து யாருக்கும் சொல்ல முடியாது.

மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் மறுஆய்வு கோரி, பழைய நூல்களை எடுத்துக் காட்டி, 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. அதற்குப் பிறகுதான் 2001 முதல் நம்முடைய மருத்துவ அறிவை மின்நூலகமாகத் தொகுக்கத் தொடங்கினார்கள். நல்ல காரியம், மனசார வரவேற்கிறேன். சுவடியில் இருந்ததற்குக் காவல் கிடைத்துவிட்டது. "யாரு கையி?" என்று கேட்ட ஆச்சியின் கேள்வி எந்தச் சுவடியிலும் இல்லை. அது கேட்டவர்களோடு போகிறது.

செடிகள் எங்கேயும் போய்விடவில்லை. வேளச்சேரியில் நாங்கள் இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பில், மழை பெய்த பத்தாம் நாள், நடைபாதைக் கல் இடுக்கில் கீழாநெல்லி முளைத்து நிற்கிறது. கார் நிறுத்துமிடத்து ஓரத்தில் குப்பைமேனி. குழாயடியில் வெட்டுக்காயப் பூண்டு, மஞ்சள் மூக்குத்தி வைத்தாற்போலப் பூத்திருக்கிறது. மாதம் ஒருமுறை ஆள் வந்து களை என்று எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துப் போகிறார். நான் குனிந்து ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு நிமிர்கிறேன். வண்டிப் புகை படிந்த இலை, பறிக்க முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிட மட்டும் முடிகிறது.

*

போன தையில் மகளுக்குப் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே டாக்டர் சொன்னதை மகள் எனக்குச் சொல்லிவிட்டாள்: ஆறு மாதத்துக்குத் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு வேறு எதுவும் கூடாது, உரைமருந்து அறவே கூடாது. நான் சரி என்றேன். மனசாரத்தான் சொன்னேன். கிண்ணத்தைக் கீழே வைக்கத் தெரிந்தவளின் பேத்தி நான். உரைகல்லை எடுத்துக் கழுவித் துடைத்து, சாமி அலமாரியில் வைத்தேன். அதன் குழியில் இந்தப் பிள்ளையின் பங்கு ஆழம் விழாது. அதை நினைத்து அன்றைக்கு ராத்திரி கொஞ்சநேரம் தூங்காமல் கிடந்தேன்.

ஒன்று மட்டும் செய்தேன். நாட்டு மருந்துக் கடையில் ஒரு துண்டு வாங்கி வந்து, வெள்ளைத் துணியில் முடிந்து, தொட்டில் கயிற்றின் உச்சியில், பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டினேன். கட்டும்போதே அறையில் அந்த மணம் பரவியது. கொஞ்சம் காரமும் கொஞ்சம் மண்ணும் கலந்த, பழைய பிள்ளை பெற்ற வீட்டு மணம்.

மகள் விளக்கு போட்டுவிட்டு வந்து நிமிர்ந்து பார்த்தாள். "இது என்னம்மா?"

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன். "பேர் சொல்லாதது" என்றேன்.

மகள் சிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்புறம் எப்படிம்மா நான் தெரிஞ்சுக்கிறது?" என்றாள். விடியட்டும் சொல்கிறேன் என்றேன். வசம்பை முதலில் சொல்லிவிட்டு, பிறகு அரளி, ஊமத்தை, எருக்கு, கண்வலிக்கிழங்கு என்று, ஆச்சி சொன்ன அதே வரிசையில் சொல்ல வேண்டும். குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றையும் திருப்பிக் காட்ட வேண்டும், ஆள் வந்து சுரண்டுவதற்கு முன்னால்.

தொட்டிலுக்குள் பிள்ளை உறங்கிக்கொண்டிருந்தாள். கை இரண்டும் இறுக மூடியிருந்தன. ஒரு கையை மெல்லப் பிடித்துப் பார்த்தேன். ஒரு தூதுவளை இலைகூடக் கொள்ளாது. இவளுக்கு ஒரு பிடி என்றால் இன்றைக்கு அவ்வளவுதான்.